ஆராயி விற்ற புல்லட்

பழைய வண்டி வேறு, கிளாசிக் வண்டி வேறு. இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டைத் தண்ணீர் வற்றிப் போயிருக்கிறது. நான் தங்கராஜ், சேலத்துக்காரன். ஏற்காட்டில் மெக்கானிக் கடை போட்டுப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. துருப்பிடித்த எதையாவது உருட்டிக்கொண்டு வந்து, "ஏனுங்க, நொம்ப பழசுங்க, நல்ல வெலைக்குப் போகுமில்லீங்க?" என்பார்கள். பழசு என்றால் போதுமா? எங்கள் தெருக் கழுதைக்கும்தான் வயசாகிறது. டேங்குக்குப் புதுப் பெயின்ட் அடித்திருப்பார்கள், வேறு வண்டியின் இன்ஜினைத் தூக்கி மாட்டியிருப்பார்கள், நம்பரைச் சுரண்டிப் புதிதாகப் பொறித்திருப்பார்கள். விவரம் தெரிந்தவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். கம்பெனியை விட்டு வந்த நாளிலிருந்து யாரும் கைவைத்து "சரி" பண்ணாத வண்டிதான் அவனுக்கு வேண்டும். ஃபிரேம் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். டேங்கில் கையால் இழுத்த பொன்னிறக் கோடு அப்படியே இருக்க வேண்டும்.

இந்த மலையில் அப்படி ஒரே ஒரு வண்டியைத்தான் பார்த்தேன். செம்மநத்தத்தில் ஆராயி அக்கா வீட்டு எழுபத்திரண்டாம் வருஷத்து புல்லட்.

ஆராயி அக்காவின் கோபம் மலை முழுக்கப் பிரசித்தம். எடையில் ஏமாற்றிய மிளகு வியாபாரியின் முழங்கையில் அவனுடைய படிக்கல்லாலேயே போட்டவர். புல்லட்டைக் கேட்டு நான் மூன்று பேரைக் கூட்டிப் போனேன். முதல் இரண்டு பேரும் வசவோடு தப்பித்தார்கள். மூன்றாவது ஆள் கேட்காமல் வண்டிமேல் ஏறி உட்கார்ந்தான். அக்கா கொடுவாளைத் திருப்பிப் பிடித்து முதுகில் ஒன்று வைத்தார். அவன் ஒரு வாரம் குப்புறத்தான் படுத்தான். எனக்கும் ஒன்று விழுந்திருக்கும், நான் ஓட்டத்தில் கெட்டிக்காரன்.

அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். இருந்தாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அவருடைய வீட்டுக்காரர் அங்கப்பன். மிளகு நன்றாகக் காய்த்த ஒரு வருஷம், கொட்டச்சேட்டில் இருந்த ஒரு பழைய மிலிட்டரிக்காரரிடம் அந்த புல்லட்டை வாங்கினார். அங்கிருந்து செம்மநத்தத்துக்குப் போகிற வழியில் ஒரு காப்பி எஸ்டேட். பெயர் வேண்டாம், இப்போது கைமாறிவிட்டது. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மலைக்காரர்கள் யாராக இருந்தாலும் பங்களா முன்னால் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். சைக்கிளுக்கு இருந்த சட்டத்தை புல்லட்டுக்கும் நீட்டிவிட்டார்கள். "மேட்டுல இதத் தள்ளறதுக்கு நான் என்ன மாடா?" என்று அங்கப்பன் ஓட்டிக்கொண்டே போனார். இரண்டு முறை போனார். மூன்றாவது முறை, முதலாளியின் மகன் ராஜ்குமார் இரண்டு ஆட்களோடு வழியில் நின்றான். அப்போது அவனுக்கு இருபத்துநான்கு வயசு. கையில் காப்பிக் கட்டை.

முதல் அடி டேங்கில் விழுந்தது. இரண்டாவது அங்கப்பனின் இடது முழங்காலில். அவர் கீழே விழுந்த பிறகும் அவன் நிறுத்தவில்லை. அதே முழங்காலைக் குறிபார்த்து அடித்தான். பின்சீட்டில் இருந்த ஆராயியின் முடியை ஓர் ஆள் சுற்றிப் பிடித்துக்கொண்டான். அக்கா அவனுடைய கட்டைவிரலை எலும்பு தெரியக் கடித்தார். அப்படியும் அவன் விடவில்லை. "வேண்டாமுங்க, வேண்டாமுங்க" என்று அங்கப்பன் கெஞ்சிய சத்தமும் கட்டை விழுகிற சத்தமும் மாறி மாறிக் கேட்டன. சிறிது நேரத்தில் கட்டையின் சத்தம் மட்டும்தான். ராஜ்குமார் மூச்சு வாங்கிக்கொண்டு, "தள்ளிட்டுப் போ. ஸ்டார்ட் பண்ணுனே, இன்னொரு காலும் போயிரும்" என்றான். நினைவில்லாத புருஷனை டேங்கின்மேல் கவிழ்த்துப் போட்டு, சேலையால் கட்டி, வீடுவரை தள்ளிக்கொண்டு போயிருக்கிறார் ஆராயி. இது நடந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. புகார் கொடுக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

பழைய புல்லட்டில் பின் பிரேக் இடது காலில். உதைத்து ஸ்டார்ட் பண்ணவும் இடது காலை ஊன்றித்தான் ஆக வேண்டும். அங்கப்பனுக்கு இரண்டும் முடியாமல் போயிற்று. ஆனாலும் வண்டியை விடவில்லை. ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வந்தால்தான் அந்த வண்டி உதைக்கு எழும்பும். முள்ளை அங்கே நிறுத்தி அக்கா உதைப்பார், அவர் முதல் கியரிலேயே ஓட்டுவார். இறக்கத்தில் அக்கா பின்னாலிருந்து குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை போடுவார். இரண்டு பேர் சேர்ந்தால்தான் அந்த வண்டிக்கு ஒரு டிரைவர். இருபது வருஷத்துக்குமேல் மிதிக்காமல் பின் பிரேக் துருவேறி இறுகிவிட்டது. முன் பிரேக் ஒன்றையே பிடித்துப் பிடித்து அதில் ஒன்றும் மிச்சமில்லை. மாற்றித் தருகிறேன் என்று நான் கேட்டபோதெல்லாம், "அவரு ஓட்டறாரு, நான் நிறுத்தறேன். ஒனக்கென்ன சாமி?" என்பார். நாலு வருஷத்துக்கு முன்னால் அங்கப்பன் நெஞ்சுச் சளியில் போய்ச் சேர்ந்தார். வண்டி கொட்டகையில் நின்றது.

நாலாவதாகக் கூட்டிப்போன ஆள் பெங்களூருக்காரன், பெயர் ராஜ்குமார். வயசு ஐம்பது. வீட்டில் பதினொரு பழைய வண்டி வைத்திருப்பவன். கூட இரண்டு நண்பர்கள். ஆராயி அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தார். நான் ஓடுவதற்குத் தயாராக நின்றேன்.

"எடுத்துக்கச் சொல்லு" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. உங்களுக்குப் புரிந்திருக்கும். அதே ராஜ்குமார்தான், எஸ்டேட்டை விற்றுவிட்டு பெங்களூருக்குப் போனவன். அவனுக்கு அக்காவையும் அடையாளம் தெரியவில்லை, தான் அடித்த வண்டியையும் தெரியவில்லை. அன்றைக்கும் முகத்தைப் பார்த்து அடித்தவன் இல்லையே.

அவன் நம்பர்களைப் பார்த்தான், துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். டேங்கில் இருந்த நெளிவை விரலால் தடவினான். "தங்கராஜ், இதை யாரும் தட்டி எடுத்துடக் கூடாது. இதுதான் இந்த வண்டியோட சரித்திரம்" என்றான். அக்கா கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்காரர் ஞாபகம் வந்துவிட்டது போல என்று நினைத்தேன்.

"பிரேக் சுத்தமா இல்லீங்க சார், லைனர் மட்டும் மாத்திடலாங்க" என்றேன்.

"ஒரு நட்டைத் தொட்டாலும் எனக்கு வண்டி வேண்டாம். நான் ஓட்டப் போறதில்ல. லோடு வண்டியில ஏத்தி வீட்ல நிறுத்தப் போறேன்."

என் நாக்கில் சனி இருந்தது. அவன் காருக்குப் போனதும் அக்காவிடம், "வீம்பு புடிச்ச ஆளுங்கக்கா. உன்னால முடியாதுன்னு யாராச்சும் சொன்னாப் போதும், செஞ்சு காட்டாம விடமாட்டாராம். அவங்க சிநேகிதருங்களே சொல்லிச் சிரிக்கறாங்க" என்றேன். அக்கா சிரிக்கவில்லை. "அப்புடியா" என்றார்.

மூன்றாம் நாள் லோடு வண்டி வந்தது. ஏற்றுவதற்குப் பலகையும் சாய்த்தாயிற்று. ஊரே கூடி நின்றது. அக்கா முள்ளை நடுவில் நிறுத்தி ஒரே உதையில் புல்லட்டை எழுப்பினார். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார்.

"இதுல பிரேக் இல்லீங்க. எங்க ஊட்டுக்காரரு நொண்டிக் காலோட ஓட்டுனாருங்க. உங்களால முடியாதுங்க. லோடு வண்டியிலயே ஏத்தீட்டுப் போயிருங்க."

நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "மச்சி, நொண்டி ஓட்டின வண்டிடா!" ராஜ்குமாரின் காது சிவந்துவிட்டது. பலகையைக் காலால் எட்டி உதைத்துவிட்டு வண்டிமேல் ஏறி உட்கார்ந்தான். கீழே சேலம் போகிற பாதை முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகள். நான் ஓடிப்போய் ஹேண்டில்பாரைப் பிடித்தேன். "சார், சத்தியமா பிரேக் இல்லீங்க சார்!" பளாரென்று ஓர் அறை. உதடு கிழிந்து வாயில் ரத்தம் உப்புக்கரித்தது. "கையை எடுடா" என்றான். நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன், இன்னொரு தரம் சொல்லட்டும் என்று. அவர் வாயைத் திறக்கவில்லை.

ஊரைத் தாண்டும்வரை மெதுவாகத்தான் போனான். நாங்கள் லோடு வண்டியில் பின்னால் போனோம். சேலம் இறக்கத்தில் வண்டி தானாக வேகம் பிடித்தது. நாலாவது வளைவுக்கு முன்னால் அவனுடைய இடது கால் பிரேக்கை வெறி பிடித்தாற்போல் மிதிப்பதைக் கண்ணால் பார்த்தேன். கல்சுவரில் முன்சக்கரம் மடங்கிப் போயிற்று. அவன் சுவரில் மோதி, அதைத் தாண்டிக் கீழே பாறையில் போய் விழுந்தான். இறங்கிப் போனபோது மண்டை உடைந்திருந்தது. மார்பு உள்ளே போயிருந்தது. கண் திறந்திருந்தது. ஒரு நண்பன் வாந்தி எடுத்தான். இன்னொருவன், "நம்ம சிரிச்சிருக்கக் கூடாதுடா" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். ஆம்புலன்ஸ் வருமுன்னே ராஜ்குமார் முடிந்துவிட்டான்.

மறுநாள் மத்தியானம் எஸ்.ஐ. ஆராயி வீட்டுக்கு வந்தார். சின்ன வயசுக்காரர். சாட்சி சொல்ல நானும் போயிருந்தேன்.

"ஏம்மா, பிரேக் இல்லேன்னு தெரிஞ்சேவா வண்டியக் குடுத்தீங்க?"

நான் முந்திக்கொண்டேன். "சொல்லித்தாங்க சார் குடுத்தாங்க. ஊரே கேட்டுச்சு. நானும் புடிச்சுத் தடுத்தேன், இந்தா பாருங்க உதட்ட." ஊர்க்காரர்களும் ஆமாம் என்றார்கள். எஸ்.ஐ.க்கு அது போதும். எச்சரிக்கையை மீறி ஓட்டியதாக எழுதிப் பேப்பரை அக்காவிடம் நீட்டினார். "ஒரு கையெழுத்து போட்டுருங்கம்மா, உங்களுக்கு ஒண்ணும் வராது."

அக்கா பேனாவைத் தொடவில்லை. அப்போதுதான் அந்த எஸ்டேட் கதை முழுவதையும் சொன்னார், காப்பிக் கட்டை, முழங்கால், கெஞ்சல் எதையும் விடாமல். பேசாமல் கையெழுத்துப் போடுங்கக்கா என்று கண்ணால் கெஞ்சினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"பிரேக் இல்லேன்னு சொன்னது நெசந்தான் சாமி. முடியாதுன்னு சொன்னா ஏறிருவான்னு தெரிஞ்சுதான் சொன்னேன். அதையும் எழுதிக்க, அப்பறம் கையெழுத்துப் போடறேன்."