பாட்டுப் பலகையும் மூன்று முட்டையும்

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த சின்னத் தமிழ்ச் சபைக்கு யேசடியான்தான் கோயில்பிள்ளை. மணி அடிப்பார், பெஞ்சு துடைப்பார், ஞாயிறு முடிந்தால் கதவைப் பூட்டுவார். செந்தூல் ரயில் பட்டறையில் முப்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். சபைக்குப் பின்புறம் தகரக் கூரை போட்ட ஓர் அறை, ஒரு சைக்கிள், மனைவி மார்க்கிரட். அவருக்கென்று இருந்தது அவ்வளவுதான்.

இதில் அவருக்கு வருத்தமே இல்லை. வருத்தம் இல்லை என்று ஊருக்குச் சொல்வதில்தான் கொஞ்சம் கூடுதல் ஆர்வம். மாதக் கடைசி ஞாயிறு சாட்சி சொல்லும் நேரம் வந்தால் முதல் ஆளாக எழுந்துவிடுவார். எனக்கு இரண்டு சட்டை, போதும்; மத்தியானம் கஞ்சி, போதும்; இல்லாமையிலும் ஆண்டவர் என்னைத் திருப்தியாக வைத்திருக்கிறார் என்று ஆரம்பித்தால், முடிக்க இருபது நிமிஷம் ஆகும். சபையார் பாட்டுப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு கொட்டாவி விடுவார்கள். கூரை ஒழுகாத இடம் தேடிப் பாயை இழுத்துப் போட்டுப் படுக்கிற மார்க்கிரட்டுக்கு மட்டும் அந்தப் ‘போதும்’ என்ற சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

எழுபத்தெட்டாம் வருஷம் அந்தத் திருப்திக்கு ஒரு சோதனை வந்தது. வந்தது பாட்டுப் பலகை வழியாக.

ஞாயிறு ஆராதனையில் பாடப்போகும் பாட்டுகளின் எண்களைச் சுவரில் உள்ள கறுப்புப் பலகையில் மாட்டவேண்டும். எந்தெந்தப் பாட்டு என்று பாஸ்டர் சீட்டில் எழுதிக் கொடுப்பார். யேசடியான் சனிக்கிழமை காலையில் அந்த மர எண்களைத் துடைத்து மாட்டுவார். ஒரு சனிக்கிழமை மேல் வரிசையில் 17, கீழ் வரிசையில் 49. ஜன்னலுக்கு வெளியே டாக்சியை நிறுத்திவிட்டு நிழலில் நின்ற தம்புசாமி அதைப் பார்த்தார். பிள்ளையார் கோயிலுக்குத் தவறாமல் போகிற மனுஷர். ஆனால் லாட்டரி நம்பர் என்று வந்துவிட்டால் எல்லாச் சாமியும் அவருக்கு ஒன்றுதான். இரண்டையும் சேர்த்து 1749 என்று நாலு நம்பர் லாட்டரிக் கடையில் பணம் கட்டி எழுதினார். மறுநாள் சாயங்காலம் அதற்கே முதல் பரிசு அடித்தது.

தம்புசாமி நன்றி மறக்காதவர். திங்கட்கிழமை அவர் டாக்சியிலிருந்து புத்தம்புது கேஸ் அடுப்பு ஒன்று இறங்கியது. யேசடியான் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் மார்க்கிரட் அதை உள்ளே தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சேதி தெருவைத் தாண்ட அரை நாள் போதும். செவ்வாய்க்கிழமையே வாசலில் ஆள் வந்துவிட்டது. தபால் ஆபீஸ் கிளார்க், கோப்பிக் கடைக்காரர், மருந்துக் கடைச் சீன அம்மா. யாரும் வெறுங்கையோடு வரவில்லை. மேசை விசிறி வந்தது, கோழி வந்தது, டின் பிஸ்கட் வந்தது, டுரியான் பழம் வந்தது. ஒரு மகராசன் பிராந்திப் போத்தல் கொண்டுவந்தார்; பாஸ்டர் கண்ணில் படாமல் அதை மண்ணெண்ணெய் டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைக்க வேண்டியதாயிற்று. எல்லோரும் கேட்டது ஒன்றுதான், இந்த வாரம் எந்தப் பாட்டு.

பாட்டை எடுப்பது பாஸ்டர் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அந்த ஒரு வரிதான் யேசடியான் வாயில் வரவில்லை. பொய் என்றும் எதுவும் சொல்லவில்லை. மேலே பார்த்துச் சிரிப்பார், சனிக்கிழமை தெரியும் என்பார். சனிக்கிழமை ஜன்னலில் இருபது தலைகள் எட்டிப் பார்க்கும். யேசடியான் ஒவ்வொரு எண்ணையும் கையில் எடுத்து, கண்ணை மூடி, சற்று நேரம் அசையாமல் நின்றுவிட்டு மாட்டுவார். பாஸ்டர் கொடுத்த சீட்டு சட்டைப் பையில் பத்திரமாக இருக்கும்.

ஞாயிறு ஆராதனையும் நிரம்பி வழிந்தது. பலகையைப் பார்த்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டு பாதிப்பேர் நழுவினாலும், மரியாதைக்கு உட்கார்ந்தவர்களே பெஞ்சுகளை நிறைத்தார்கள். சனங்களிடம் பக்தி பொங்கி எழுப்புதல் வந்துவிட்டது என்று பாஸ்டர் மனதார நம்பிப் பிரசங்கத்தைக் கால் மணி நேரம் நீட்டினார், பாவம். அதற்கப்புறம் ஒரு நம்பர்கூட அடிக்கவில்லை. ஆனால் ஒரு எண் தள்ளி விழுந்தது, தலைகீழாக விழுந்தது என்று சொல்லிக்கொள்ள ஏதாவது இருந்தது. நம்பர் எழுதுகிறவர்களுக்கு அது போதாதா?

யேசடியானுக்கோ நிம்மதி போய்விட்டது. ஒரு கோழி வந்தால் இன்னொன்றையும் சேர்த்துத் தந்திருக்கலாமே என்று தோன்றியது. கிளார்க் கொண்டுவந்த பிஸ்கட் டின் போன வாரத்தைவிடச் சின்னதாகப் பட்டது. விசிறி ஒரு பக்கம்தான் திரும்புகிறது என்று மூன்று நாள் முணுமுணுத்தார். காற்றே இல்லாமல் முப்பது வருஷம் படுத்தபோது வராத குறை இப்போது எங்கிருந்து வந்தது என்று மார்க்கிரட் கேட்டார்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, குவார்ட்டர்ஸில் வீடு வீடாகத் துணி துவைக்கும் இராஜம்மா வந்தார். முந்தானையை அவிழ்த்து மூன்று முட்டைகளை மேசைமேல் உருளாமல் வைத்தார்.

“வீட்ல இதுதான் இருந்துச்சு அங்கிள். நல்ல நம்பரா பாத்துக் குடுங்க.”

மூன்றுதானா என்று யேசடியானின் மனசு கேட்டது. கேட்ட அந்தக் கணமே அவருக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. முட்டைகளை எடுத்து இராஜம்மா கையிலேயே திணித்து, என்னிடம் நம்பர் ஒன்றும் இல்லை, கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குக் கொடு என்றார். இராஜம்மா முகம் வாடிப்போனது.

“கம்மின்னு நெனைக்காதீங்க. அடுத்த வாரம் இன்னும் ரெண்டு கேட்டு வாங்கிட்டு வரேன்.”

அவர் போனபின் யேசடியான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் கோழி போகும், அது பெரிதில்லை. திருப்தியான மனுஷன் என்று இத்தனை வருஷம் தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட பெயரும் சேர்ந்து போகும். சொல்லாவிட்டால் அந்த இரண்டு முட்டைக்காக இராஜம்மா யார் வீட்டு வாசலில் நிற்பாரோ?

அந்த ஞாயிறு மாதக் கடைசி. சாட்சி நேரம் வந்ததும் யேசடியான் எழுந்தார். பெஞ்சுகளில் பென்சில்கள் தயாராயின. ஜன்னலில் தம்புசாமி காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

“பாட்டை எடுக்கிறது பாஸ்டர். நான் மாட்டுறதோட சரி. இது தெரிஞ்சும் நீங்க குடுத்ததையெல்லாம் வாங்கித் தின்னேன்.” சபையார் பக்கம் நன்றாகத் திரும்பினார். “இல்லாதப்ப நான் திருப்தியா இருந்தேன்னு இங்க நின்னு எத்தனையோ வாட்டி சொல்லியிருக்கேன். அது திருப்தி இல்ல. குடுக்க ஆள் இல்ல, அவ்வளவுதான்.”

உட்கார்ந்துவிட்டார். அவருடைய சாட்சி ஒரு நிமிஷத்தில் முடிந்ததைச் சபையார் அன்றுதான் கண்டார்கள். ஆனால் யாரும் அவரைப் பார்க்கவில்லை. அத்தனை தலைகளும் ஒரே திருப்பாகப் பாஸ்டர் பக்கம் திரும்பியிருந்தன. ஆசீர்வாதம் சொல்லி முடிப்பதற்குள் கோப்பிக் கடைக்காரர் எழுந்து, அடுத்த வாரத்துப் பாட்டைப் பாஸ்டர் எப்போது முடிவு செய்வார் என்று பணிவாக விசாரித்தார்.

மத்தியானம் முழுவதும் யேசடியான் மிஞ்சிக் கிடந்ததையெல்லாம் சைக்கிளில் வைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். பிராந்திக்கு மட்டும் யாரும் சொந்தம் கொண்டாடவில்லை, சாக்கடையில் ஊற்றினார். கொடுத்த அடுப்பைத் திரும்ப வாங்குகிற பழக்கம் தனக்கு இல்லை என்று தம்புசாமி சொன்னதில் மார்க்கிரட்டுக்கு மிகுந்த ஆறுதல்.

சாப்பிட உட்காரும்போது மணி மூன்று. கஞ்சியும், தொட்டுக்கொள்ள நெத்திலிச் சம்பாலும். வழக்கமாக நீட்டி முழக்கி நன்றி சொல்லுகிறவர், அன்று தட்டைப் பார்த்து ஒரே வரியில் முடித்தார்.

“ஆண்டவரே, இதுல திருப்தியா இருக்க எனக்குக் கத்துக்குடும்.”

“ஆமென்” என்றார் மார்க்கிரட், சத்தமாகவே.

அடுத்த வளவில் பாஸ்டர் வீட்டு கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. யேசடியான் எட்டிப் பார்த்தார். யாரோ ஒரு ஜோடி வான்கோழியை உள்ளே ஓட்டிக்கொண்டு போனார்கள், நல்ல கொழுத்த வான்கோழிகள். அவருக்கு ஆசை வந்தது. கஞ்சி முடிவதற்குள் போய்விட்டது.