பட்டியலில் இல்லாத கேள்வி

அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் ஒரு மாதம் தமிழ் பாதியாகக் குறைந்துபோனது. நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன். ஆனால் மதுரையில் நாங்கள் விண்ணப்பித்த கல்லூரியில் புகுமுக வகுப்புக்கு இங்கிலீஷில் நேர்முகத் தேர்வு வைத்துத்தான் ஆள் எடுத்தார்கள். தாடிக்கொம்புப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்த நான் இங்கிலீஷை எழுதியிருக்கிறேனே தவிர, யாரிடமும் ஒரு வாக்கியம் பேசியதில்லை. இடம் கிடைக்காவிட்டால் திண்டுக்கல்லில் சுருட்டுக் கம்பெனி வேலைக்கு அனுப்பிவிடுவேன் என்று அப்பா சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற மனிதர்.

அப்பா ஆரம்பப் பள்ளி வாத்தியார். நாற்பது கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். தேர்வு முடியும்வரை அவரும் நானும் இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்று சட்டமும் போட்டார். அவருக்கும் அது அவ்வளவாக வராது என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. சட்டத்தை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அதனால் நாங்கள் பேசுவதையே குறைத்துக்கொண்டோம். உப்பு வேண்டுமென்றால் கையை நீட்டினோம்.

"ரெண்டு ஊமைக்கு ஆக்கிப் போடுறேன்" என்றாள் அம்மா.

அவள் விடியுமுன் எழுந்து குத்தகைத் தோட்டத்தில் மல்லிகை பறித்து, முதல் பஸ்ஸில் திண்டுக்கல் பூச்சந்தைக்குக் கொண்டுபோய், திரும்பி வந்து அடுப்பு மூட்டுவாள். நான் தேர்வுக்குப் போட்டுக்கொள்ளப்போகும் புதுச் சட்டை அந்தப் பூவில் வந்ததுதான்.

தேர்வு நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. பதினேழாம் கேள்வி வரைக்கும் பதில் தடையில்லாமல் வரும். பதினெட்டில் நாக்கு ஒட்டிக்கொள்ளும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன். பயமாக இருக்கிறது என்று அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதி குறைந்திருக்கும். அதை எப்படி இங்கிலீஷில் சொல்வதென்று தெரியவில்லை.

தேர்வறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெயர், ஊர், பள்ளிக்கூடம், அப்பாவின் வேலை எல்லாம் ஒப்பித்துவிட்டேன். அப்போது நடுவில் இருந்தவர், அம்மா என்ன செய்கிறார் என்று இங்கிலீஷில் கேட்டார்.

அம்மாவைப் பற்றி அப்பா ஒரு கேள்வியும் எழுதியிருக்கவில்லை. பூவுக்கு இங்கிலீஷில் என்னவென்று தெரியும், பறிப்பதற்கும் தெரியும். தெரிந்தது எதுவும் வாய்க்கு வரவில்லை. மூவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

"நத்திங், சார்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வாசலுக்கே வந்துவிட்டாள்.

"என்னப்பு கேட்டாக?"

"அப்பாவப் பத்திக் கேட்டாக. உன்னையும் கேட்டாக."

"என்னையவா? என்ன சொன்ன?"

"பூப் பறிக்கிறது, சந்தைக்குப் போறது, எல்லாஞ் சொன்னேன்."

"அம்புட்டையும் இங்கிலீசுலயா?"

"ஆமா."

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். பட்டியல் அவர் எழுதியது, அவருக்குத் தெரியாதா என்ன? மறுபடி குனிந்துகொண்டார்.

பத்து நாளில் இடம் கிடைத்ததாகக் கடிதம் வந்தது. அன்று அம்மா சந்தையில் பார்த்தவர்களிடமெல்லாம், "எம் பொழப்பக் கேட்டுத்தான் எம் மகனுக்கு எடம் குடுத்தாக" என்று சொன்னாளாம். அதன்பின் கடைசிவரை அப்படித்தான் சொல்லிவந்தாள். வெட்கமாக இருக்கும். அவள் சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன்.