ஆறு பீரங்கிகள்

சின்ன மாமாவுக்கு ஒல்லாந்தரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் சோறு தண்ணி வேண்டாம். மட்டக்களப்பு நகரத்து உரக்கடை ஒன்றில் வேலை செய்தார். சனி, ஞாயிறில் மண்டூரில் எங்கள் வீட்டுக்கு வருவார். மற்ற வீடுகளில் இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் நடந்த அன்றன்றைய சண்டையைப் பேசுவார்கள். எங்கள் வீட்டில் முந்நூறு வருடத்துக்கு முந்திய சண்டை ஓடும். அந்த ஞாயிறுகளை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

ஒருநாள், நகரத்துக் கோட்டையை ஒல்லாந்தர் போர்த்துக்கீசரிடமிருந்து பிடித்த கதையைச் சொன்னார். கண்டி ராசாவின் ஆட்களும் கூட நின்றார்களாம். பாதி இவனுடைய கைச்சரக்கு என்றார் அம்மா.

எனக்கு ஒன்பது வயது. மாமாவை அசத்த வேண்டுமென்று கொப்பியில் ஒரு தாளைக் கிழித்துக் கோட்டையைப் படமாகக் கீறினேன். சுற்றிவர வாவி, ஆறு பீரங்கிகள், எங்கிருந்து எங்கே சுடுவது என்று காட்டச் சிவப்பு அம்புக்குறிகள். மேலே ‘கோட்டையைப் பிடிக்கும் விதம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். திங்கள் காலை அவர் சாப்பிடும்போது தாளை மடித்து அவர் பைக்குள் வைத்தேன். பஸ்ஸில் கண்டு சந்தோசப்படட்டும் என்ற எண்ணம்.

அந்தக் கோட்டைக்குள் அப்போது அரசாங்க அலுவல் பார்க்கும் கந்தோர்கள் இருந்தன, வாசலில் துவக்குடன் காவல் நின்றது. அது எனக்கும் தெரியும். ஆனால் நான் கீறியது ஒல்லாந்தர் காலத்துக் கோட்டை.

பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் மாமா வாவியைக் கடந்து போனார். அக்கரையில் இராணுவத்தின் சோதனைச் சாவடியில் பைக்குள் படத்தைக் கண்டு அவரைப் பிடித்து வைத்துவிட்டார்கள் என்று மத்தியானம் செய்தி வந்தது. அழுதுகொண்டே, கீறியது நான் என்றேன். யாரும் ஏசவில்லை. அப்பா என் கையெழுத்தையும் தாள் கிழிந்த இடத்தையும் காட்டக் கொப்பியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

மூன்றாம் நாள் பின்னேரம் மாமா பாதையிலிருந்து இறங்கினார். இடது கையைத் தூக்க முடியவில்லை.

“வடிவாத்தான் கீறியிருக்காய் புள்ள. பீரங்கி எங்கெங்க நிக்கிது எண்டுதான் திரும்பத் திரும்பக் கேட்டாங்க. ஆறையும் பற்றிக் கேட்டாங்க.”

“நீங்க சொன்னது நாலுதான் மாமா. மற்ற ரெண்டும் நான் வடிவுக்குக் கீறினது.”

மாமா என் தலையைத் தடவினார். அடுத்த ஞாயிறு கதை கேட்டபோது, “மறந்து போச்சு புள்ள” என்றார்.

நான் இரண்டு கூட்டிப் போட்டதுதான் பிழை என்று விளங்கிக்கொண்டேன். சரியாக நாலே நாலு பீரங்கிகளோடு புதுக் கோட்டை ஒன்று கீறி, திங்கள் காலை அவர் பைக்குள் வைக்கப் போனேன். பையில் சின்னப் பூட்டு ஒன்று தொங்கியது. மாமாவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.