அரக்கில் நிறுத்திய எஃகு

கிடர்பூர் துறைமுகத்தில் நின்றுபோன பளு தூக்கும் கிரேனுக்குப் பல்சக்கரம் வெட்டிக் கொடுத்தவன் நான். வெளிநாட்டிலிருந்து உதிரி வர மாதக்கணக்காகும் என்று அதிகாரிகள் கையை விரித்திருந்த நேரம் அது. கப்பல் பம்புக்குத் தண்டு, சணல் ஆலைக்கு உருளை, காளிகாட்டில் ஒரு மிட்டாய்க் கடைக்குப் பால் கிண்டும் இயந்திரம், எல்லாம் என் கையால் ஆனவை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. வங்காளம் ஒரு சொல் தெரியாமல் இந்த ஊருக்கு வந்து, முதல் லேத்தைப் பழைய இரும்புக் கடைகளில் துண்டு துண்டாக வாங்கி நானே பொருத்தினேன். மழைக்காலத்தில் பட்டறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். மோட்டாரைக் கூரையில் கட்டித் தொங்கவிட்டு வேலையை நடத்தினேன்.

இத்தனை செய்தும் எதிலும் என் பெயர் கிடையாது. கப்பல் போய்விடும். சக்கரம் தேய்ந்தால் கழற்றி எறிவார்கள். வயது ஏறிய பிறகுதான் இது என்னை உறுத்தத் தொடங்கியது.

சென்ற வருடம் ஒரு பெண் பட்டறைக்கு வந்தாள். லேக் கார்டன்ஸில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்; அப்பா வங்கி அதிகாரி. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எஃகை ஆராய்கிறாள். பஞ்சில் சுற்றிய எஃகுத் துண்டுகளை என் மேசையில் வைத்தாள். வார்த்ததும் இல்லை, கடைந்ததும் இல்லை. எஃகுப் பொடியை லேசரால் உருக்கி, ஒரு படலத்தின் மேல் இன்னொன்றாக அச்சடித்து எழுப்பியது. ஒவ்வொரு படலமும் குளிரும்போது கீழே இருப்பதை இழுக்கும். அந்த இழுப்பு உள்ளேயே தங்கிவிடும். பார்க்கச் சாதுவான துண்டு. வேலைக்குப் போட்ட பிறகு ஒரு நாள் விரிசல் விடும்.

அதை அளக்க அவளிடம் ஒரு வழி இருந்தது. தபால்தலையைவிடச் சிறிய உணரியை ஒட்டி, அதன் நடுவில் மெல்லிய துளை போட வேண்டும். சுற்றியுள்ள உலோகம் தளர்வதை உணரி சொல்லும். ஆனால் துளை போட்டால் துண்டு பாழ். இழுபட்ட எஃகு காந்தத்துக்கு வேறு மாதிரி பதில் சொல்லுமாம். அப்படியானால் துளையே போடாமல் இழுப்பை அறியலாமே என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. ஒரே இடத்தில் முதலில் காந்த அளவு, பிறகு துளை. இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

"பிடிக்கிறதுதான் மாமா கஷ்டம். வைஸ்ல இறுக்கினா அந்த அழுத்தமும் சேந்துடறது. காந்தப் படுக்கையில வெச்சா காந்தம் ஏறிடும்."

"அப்போ நான் கையில பிடிச்சுக்கவா?"

"உங்க கை ஆடாதுன்னுதான் சொல்றா. ஆனா உங்களை ஆய்வுக்கூடத்துல ஆணியடிச்சு வெக்க முடியாதே."

காளிகாட் பக்கத்து நகைப் பட்டறைகளில் தங்கத்தை அரக்கில் பதித்துச் செதுக்குவதைப் பார்த்திருக்கிறேன். எஃகையும் அப்படி நிறுத்தினால் என்ன என்று தோன்றியது. பித்தளைத் தட்டு செய்து, அரக்கை இளக்கி ஊற்றித் துண்டை உட்கார வைத்துக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்தாள்.

"மாமா, இந்தத் துண்டை உலையில வெச்சு இழுப்பை எடுத்தாச்சு. இதுல மிஷின் ஒண்ணும் காட்டக் கூடாது. காட்டறது."

"உன் மிஷின் பொய் சொல்லுதும்மா."

அவள் உணரி ஒட்டிய துண்டைப் புது அரக்கில் வைக்கச் சொல்லி, கணினியை என் பக்கம் திருப்பினாள். யாரும் தொடவில்லை. மண்குவளையில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. திரையில் எண் தானாக நகர்ந்தது. அரக்கு குளிரக் குளிரச் சுருங்கித் துண்டை இழுத்தது.

"சரி, உன் மிஷின் யோக்கியன்தான்" என்றேன்.

அதன் பிறகு எத்தனையோ தட்டுகளைக் கெடுத்தேன். சுருக்கம் குறையட்டும் என்று செங்கல்லை இடித்துச் சலித்து அரக்கில் கலந்தேன். துண்டை முழுக்கப் பதிக்காமல் அடி விளிம்பை மட்டும் பற்றவிட்டேன். பொடி அதிகமானால் உதிர்ந்தது, குறைந்தால் இழுத்தது. ஒரு நாள் குளிர்ந்து முடிந்த பிறகும் எண் அசையாமல் நின்றது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பூஜை விடுமுறைக்கு முன் வரைபடத்தோடு வந்தாள். துளை சொன்ன கோடும் காந்தம் சொன்ன கோடும் சேர்ந்தே வளைந்தன. "ஓரத்துல விலகறது மாமா. நடுவுல ஒத்துப்போறது. இதுவே பெரிசு."

இந்த மாதம் கட்டுரையை எழுதி எடுத்துவந்து, தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். 'துண்டுகள் தகுந்த முறையில் அசையாமல் நிறுத்தப்பட்டன' என்று ஒரு வரி. கடைசியில், 'பட்டறை உதவிக்கு நன்றி.'

"யாரு நிறுத்தினது?" என்றேன்.

"பேப்பர்ல அப்படித்தான் மாமா எழுதுவா. யார்னு வராது."

"உன் பேர் மேல வருதுல்ல?"

அந்த வரியின் கீழே பேனாவால் கோடிட்டாள். "எங்க பேராசிரியர் ஒத்துக்கணும். அச்சுக்குப் போறதுக்குள்ள கேட்டுப் பாக்கறேன்."

அவள் கேட்பாள். அந்தப் பேராசிரியர் இதையும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். காந்தக் கணக்கு அவளுடையது. அதில் நான் பங்கு கேட்கவில்லை. அரக்கு இழுப்பதைக் கண்டவளும் அவள்தான், அதை எழுதுங்கள். இழுக்காத அரக்கைக் கலந்தவன் நான். கடைசிப் பக்கத்து நன்றி எனக்கு வேண்டாம். 'நிறுத்தப்பட்டன' என்ற சொல்லை அடித்துவிட்டு, எதில் நிறுத்தினார்கள், அதைச் செய்தவன் யார் என்று என் முழுப் பெயரையும் அந்த இடத்திலேயே போடுங்கள். அச்சேறும் முன் போடுங்கள்.