குத்துவிளக்குகளுக்கு நடுவே ஒரு மேளம்

ஆசிரியர்களாகப் போகிறவர்களுக்கு ஆசிரியராக இருப்பது சங்கடமான பிழைப்பு. நாம் என்ன சொல்லிக் கொடுக்கிறோம் என்பதை விட்டுவிட்டு, நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதையே அவர்கள் கவனித்துக்கொண்டிருப்பார்கள். கல்லூரியில் ஏதாவதொன்று ‘பொறுப்பு’ என்ற பெயரில் தலையில் கட்டப்பட்டவர்கள் இதைப் படித்தால், என் பாடு உங்களுக்குச் சொல்லாமலே புரியும். எனக்குக் கட்டப்பட்டது பல்லினப் பண்பாட்டு வள அறை.

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் இருக்கிற எங்கள் கல்லூரியில் தமிழ், சிங்கள, முஸ்லிம் பிள்ளைகள் ஒரே விடுதியில் தங்கி ஆசிரியப் பயிற்சி பெறுகிறார்கள். ஒருவர் பண்பாட்டை மற்றவருக்குக் கற்பிக்க உதவும் பொருட்களைச் சேர்த்து ஓர் அறை அமைக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. அறை தந்தார்கள். அலுமாரியும் தந்தார்கள். அதற்குள் வைக்க வேண்டியதை நானே தேடிக்கொள்ள வேண்டுமாம்.

கடையில் வாங்கிய பண்பாடு

ஒவ்வொருவரும் தங்கள் வீட்டிலிருந்து ஒரு பொருள் கொண்டுவர வேண்டும், வருடக் கடைசியில் அதை வைத்துக் கலப்பு வகுப்புக்குப் பாடம் நடத்த வேண்டும், வெளியிலிருந்து வரும் பரீட்சகர் புள்ளி போடுவார் என்று அறிவித்தேன். லீவு முடிந்து வந்தவர்கள் மேசையில் பொருட்களை அடுக்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் கொண்டுவந்தது குத்துவிளக்கு. சிங்களப் பிள்ளைகள் கொண்டுவந்தது சுற்றுலாக்காரர்களுக்கு விற்கிற முகமூடி. பல பொருட்களில் நுவரெலியாக் கடைகளின் விலைச்சீட்டைக்கூடப் பிய்த்திருக்கவில்லை. நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் குடும்பங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் அந்த அறைகளில் இடுப்பளவு குத்துவிளக்கு வைக்க இடம் ஏது?

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இதெல்லாம் உங்கள் வீட்டில் இருக்கிற பொருளா என்று கேட்டேன். டயகமவிலிருந்து வந்த சதீஸ்குமார், கெட்டிக்காரப் பையன், தலையைக் குனிந்துகொண்டு தன் விளக்கைத் துடைக்க ஆரம்பித்தான். அவனுடைய அறைத்தோழன் ஜெயசீலனுக்கு வாய் சும்மா இருக்காது. அவன்தான் பதில் சொன்னான்: “வீட்டுல இருக்கிறத யாரு மிஸ் இங்க கொண்டாருவாங்க? கொண்டாந்தா எல்லாரும் நம்ம வீட்டப் பாத்துருவாங்கல்ல?”

யாரும் வராத மூலை

விளக்குகளை வரிசையாக வைத்து, மேலே ‘மலையகப் பண்பாடு’ என்று எழுதி ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கோயில் கமிட்டிக்காரர்களிடம் கேட்டு ஒரு தப்பு வாங்கி வந்தேன். தப்பு என்றால் தோலை இழுத்துக் கட்டிய வட்ட மேளம். தமிழ்நாட்டில் பறை என்பார்கள். எங்கள் தோட்டங்களில் மாசித் திருவிழாவில் ஆடும் காமன் கூத்துக்கும் அதுதான், சாவுக்கும் அதுதான். முன்பெல்லாம் விடியற்காலையில் ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்குக் கூப்பிட்டதும் அதுதான். எங்கள் கதையை இதைவிட நன்றாகச் சொல்லும் பொருள் இல்லை என்று எனக்கு ஒரே பெருமை.

சிங்களப் பிள்ளைகள் ஆசையாக வந்து தட்டிப் பார்த்தார்கள். தமிழ்ப் பிள்ளைகள் அந்த மூலைப் பக்கமே வரவில்லை. தப்பு அடிக்கிற குடும்பம் என்றால் என்ன சாதி என்று எங்கள் மலையில் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, கேட்காமலே தெரிந்துகொள்வார்கள். அந்த அடிக்கு ஊரே ஆடும். ஆடி முடித்த பிறகு அடித்தவனை மட்டும் தள்ளி உட்காரச் சொல்லும். அதற்காகவே இதை வைத்து யாராவது பாடம் நடத்த வேண்டும் என்று எனக்கு வீம்பு. யார் நடத்துகிறீர்கள் என்று வகுப்பில் கேட்டேன். சதீஸ்குமார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். ஜெயசீலன் வகுப்பே சிரிக்கும்படி சொன்னான்: “அதக் கழுத்துல மாட்டுனா, அப்புறம் எவன் மிஸ் நமக்குப் பொண்ணு குடுப்பான்?”

புகை

ஒருநாள் வள அறையிலிருந்து புகை வருகிறது என்று காவலாளி வந்து சொன்னார். ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். உள்ளே சதீஸ்குமாரும் கசுனும். கசுன் கினிகத்தேனையைச் சேர்ந்த சிங்களப் பையன். தமிழ்க் கடைகளுக்கு நடுவே வளர்ந்ததால் தட்டுத்தடுமாறித் தமிழ் பேசுவான். தகர வாளியில் பழைய பேப்பரை எரித்து, அந்தச் சூட்டில் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். சூடு ஏறினால்தான் தோல் விறைக்கும், சத்தம் வரும். சதீஸ்குமார் அதைச் சுற்றிச் சுற்றித் திருப்பி, விரலால் சுண்டிக் காதுகொடுத்துக் கேட்ட விதத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. எனக்கு விளங்கியது அவனுக்கும் விளங்கியது. “எங்கப்பா தோட்டத்துல தப்படிக்கிறவரு மிஸ்” என்றான். “யார்கிட்டயும் சொல்லிறாதீங்க. நானும் ஜெயசீலனும் ஒரே பார்சலப் பிரிச்சுத்தான் சாப்புடுறோம்.”

சொல்ல மாட்டேன் என்றேன். இத்தனை பேர் இருக்க, சிங்களப் பையனிடம் மட்டும் எப்படி மனம்திறந்தாய் என்று கேட்டேன். கசுன் வாளித் தீயைத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டுப் பதில் சொன்னான்: “நம்ம அப்பா பன்சலையில, புத்த கோயில்ல, மேளம் அடிக்கிறது மிஸ். தாத்தாவும் அதுதான். பெரஹெரா ஊர்வலம் வந்தா எல்லாம் நல்லாப் பாக்குது. கல்யாணம் பேசப் போனா மட்டும் கதவு மூடுது.”

பஸ் வர வேண்டாம்

அடுத்த தவணையில் சதீஸ்குமாரின் அப்பா திடீரென்று இறந்துபோனார். அவன் வீட்டுக்கு ஓடினான். எங்கள் கல்லூரியில் ஒருவர் வீட்டில் சாவு என்றால் வகுப்பு முழுதும் பஸ் பிடித்துப் போவது வழக்கம். வீட்டிலிருந்து சதீஸ்குமார் எனக்குப் போன் செய்தான். அழுகையை அடக்கிக்கொண்டு பேசினான். “பஸ் வர வேணாம்னு சொல்லிருங்க மிஸ். ரோடு சரியில்லன்னு சொல்லுங்க. அப்பா போயிட்டாரு. இப்ப போயி அதையும் சேத்துத் தாங்க என்னால முடியாது.”

அப்பாவின் உடலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு பிள்ளை இதற்கும் பயப்பட வேண்டியிருக்கிறதே! நான் விடுதிக்குப் போவதற்குள் ஜெயசீலன் பஸ்ஸைப் பேசி, மலர்வளையத்துக்கும் சொல்லிவிட்டிருந்தான். அவன் கண்களும் சிவந்திருந்தன. ரோடு மோசமாம், நாலைந்து பேர் மட்டும் போனால் போதாதா என்று கேட்டுப் பார்த்தேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்: “ரோடு இல்லன்னா நடந்து போவோம் மிஸ். அவன் அப்பா எனக்கும் அப்பா மாதிரி.”

டயகமவில்

வெள்ளைக் கொடிகள் கட்டிய பாதையில் ஏறி லயத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அழுகை கேட்டது, தப்புச் சத்தம் மட்டும் கேட்கவில்லை. தோட்டத்துச் சாவில் அது இல்லாமல் நான் பார்த்ததில்லை. எங்களை உட்காரச் சொன்ன தோட்டத் தலைவர் மனம் வருந்தித்தான் சொன்னார்: “இங்க நடந்த எல்லாச் சாவுக்கும் இவருதாங்க அடிச்சாரு. இன்னைக்கு இவருக்கு அடிக்க ஆளில்ல. பக்கத்துத் தோட்டத்து தப்பு செட்டு வேற சாவுக்குப் போயிருக்காங்க. ஸ்பீக்கர்ல ஏதாச்சும் போட்டுக்குவோம்.” ஜெயசீலனின் முகம் மாறியதைப் பார்த்தேன். பால் இல்லாத பிளேன்டி வந்தது. சிலர் வாங்கிக் குடித்தார்கள். சிலர் வரும் வழியில்தான் குடித்தோம் என்றார்கள். வழியில் நாங்கள் எங்குமே நிற்கவில்லை. ஜெயசீலன் கப்பை வாங்கினான். கையில் வைத்துக்கொண்டே இருந்தான், ஆறிப்போகும்வரை.

அதை நான் மட்டும் பார்க்கவில்லை. சதீஸ்குமாரும் பார்த்தான். எந்த நேரம் வந்துவிடக் கூடாது என்று அத்தனை நாள் பயந்தானோ அந்த நேரம் வந்துவிட்டது. இனி எதை மறைப்பது? ஈர வேட்டியோடு உள்ளே போய், சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் தப்பை எடுத்துவந்து, எல்லாரும் பார்க்கக் கசுன் கையில் கொடுத்தான்: “அப்பாவச் சத்தமில்லாம அனுப்ப முடியாது கசுன். நான் மூத்த மகன், குடம் தூக்கணும். நீ அடி.”

குழிக்கரையில்

கவ்வாத்து வெட்டிய காய்ந்த தேயிலைக் குச்சிகளைக் கொளுத்தி, அந்தத் தீயில் கசுன் தப்பைக் காய்ச்சினான். சதீஸ்குமார் சொல்லிக் கொடுத்த சாவு அடியைத்தான் அடிக்க ஆரம்பித்தான். பாடை தேயிலை மலைக்குள் இறங்கியபோது அது கொஞ்சம் கொஞ்சமாக மாறி, கசுனின் அப்பா பன்சலையில் அடிக்கிற அடியாகிவிட்டது. ஊர்க்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் தடுக்கவில்லை. பெண்கள் லயத்துக் கடைசியில் நின்றுவிட, நான் பிள்ளைகளோடு நடந்தேன். வாய்விட்டு அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மண் தள்ளுவதற்கு முன்னால் தலைவர் கசுனிடமிருந்து தப்பை வாங்கினார். அவரோடு இருந்தது அவரோடேயே போகட்டும் என்று குழிக்குள் வைக்கக் குனிந்தார். அவர் நல்ல மனதோடுதான் செய்தார். சதீஸ்குமார் கையை நீட்டித் தடுத்தான். எங்கள் பஸ்ஸில் வந்த எல்லாரும் அங்கே நின்றார்கள், எல்லாருக்கும் கேட்டது: “குழிக்குள்ள வேணாங்க தலைவரே. எனக்கு வேணும். பரீட்சைக்குக் கொண்டு போகணும்.”

பரீட்சகர் கேட்ட கேள்வி

கருமாதி முடிந்து அவன் திரும்பி வந்தபோது ஜெயசீலன் வேறு அறைக்கு மாறியிருந்தான். நான் ஜெயசீலனைக் கூப்பிட்டு ஏசினேன். வீட்டில் தெரிந்தால் திட்டுவார்கள் என்று முனகினான். வீட்டுக்கு யார் சொல்லப்போகிறார்கள் என்று கேட்டேன்; வகுப்புக்கு நேரமாகிறது என்று நழுவிவிட்டான். கன்டீனில் சதீஸ்குமார் தனியாகப் பார்சலைப் பிரிப்பதைப் பார்க்கச் சகிக்காது. பிறகு கசுன் அவன் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தான்.

பரீட்சை நாளில் மற்றவர்கள் விளக்கோடும் முகமூடியோடும் பாடம் நடத்தினார்கள். சதீஸ்குமார் அப்பாவின் தப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து வகுப்பின் முன்னால் நின்றான். காமன் கூத்து அடியை அடித்துக் காட்டினான். சாவு அடியை அடித்துக் காட்டினான். இதை அடிக்கிறவருக்குத் தேத்தண்ணி எந்தக் கப்பில் கொடுப்பார்கள் என்பதையும், சத்தம் உயர்த்தாமல், பாடமாகவே சொன்னான். பிறகு, யாராவது வந்து அடித்துப் பாருங்கள் என்றான். கசுன் எழுந்திருக்கப் போனான். சதீஸ்குமார் கையைக் காட்டி அவனை உட்காரச் சொன்னான். கடைசியில் நுவரெலியாவிலிருந்து வந்த தமிழ்ப் பிள்ளையொருத்தி எழுந்து போனாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு மூன்று பேர் போனார்கள். ஜெயசீலன் போகவில்லை. விளக்கைத் துடைத்த அன்று சதீஸ்குமார் எப்படித் தலை குனிந்திருந்தானோ, அப்படியே குனிந்து உட்கார்ந்திருந்தான்.

பரீட்சகர் கறாரான மனிதர். இந்தப் பொருளை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். எல்லாரிடமும் கேட்ட கேள்விதான். அதுவரை எல்லாரும் கடைப் பெயரைச் சொல்லியிருந்தார்கள். சதீஸ்குமார் நிமிர்ந்து நின்று சொன்னான்: “வாங்கல சேர். வீட்டுல இருந்து கொண்டாந்தேன்.”

பாடம் முடிந்த கையோடு அவன் அந்தத் தப்பைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுபோய்விட்டான். எங்கள் வள அறையில் குத்துவிளக்குகள் இன்றைக்கும் வரிசையாகப் பளபளக்கின்றன, அவற்றில் ஒன்றையாவது தன் வீட்டுப் பொருள் என்று கேட்டு இதுவரை யாரும் வரவில்லை.