சேர்மன்கள் சேர்ந்து சட்டத்தைத் தடுக்கப் போன கதை

ஊர்களையெல்லாம் ஒன்று சேர்த்து அரசாங்கத்தோடு பேச வைப்பது ஒரு தொழில் என்று சொன்னால் என் மாமனார் கடைசி வரை நம்பவில்லை. ஆனால் எனக்குச் சில வருஷம் சோறு போட்டது அந்தத் தொழில்தான்.

தொண்ணூறுகளின் பின்பாதி. நான் டைப்பிஸ்டாக இருந்த மில்லை மூடிவிட்டார்கள். அதே சமயம், பல வருஷமாக நடக்காமல் கிடந்த உள்ளாட்சித் தேர்தல் நடந்து, ஊர் ஊருக்குப் புதுச் சேர்மன்கள் வந்திருந்தார்கள். தனித்தனியாகப் போனால் சென்னையில் வாட்ச்மேன்கூட மதிக்க மாட்டான், எல்லா ஊரும் சேர்ந்து போனால் சட்டத்தையே திருத்தலாம் என்று கோவையைச் சுற்றியுள்ள நகராட்சித் தலைவர்கள் ஒரு கூட்டமைப்பு ஆரம்பித்தார்கள். எண்ணத்தில் ஒரு குற்றமும் இல்லை. காந்திபுரத்தில் ஒரு மோட்டார் கடை மாடியில் ஆபீஸ், ஒரு மேஜை, ஒரு டைப்ரைட்டர், ஒரு செயலாளர். அந்தச் செயலாளர் நான்.

சங்கம், கமிட்டி, அசோசியேஷன் என்று எதிலாவது ஒருமுறை செயலாளராக மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் எனக்குப் பங்காளிகள். உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும். மற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

சோபா

முதல் கூட்டம் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். மேடையில் ஒரே ஒரு சோபா, மற்றதெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலி. நகராட்சிகளில் சிறப்பு நிலை, முதல் நிலை, இரண்டாம் நிலை என்று சாதி மாதிரி தரம் உண்டு. சிறப்பு நிலைக்காரர் ஒருவர் வந்து சோபாவில் உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் ஓர் இரண்டாம் நிலைக்காரர் தெரியாமல் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான். முதல் நிலைக்காரர்கள் மூன்று பேர் மேடை ஏறாமல் வாசலில் நின்று வெற்றிலை போட ஆரம்பித்தார்கள். உள்ளே கூப்பிட்டால், "இருக்கட்டுமுங்க, காத்தாட இருக்குதுங்க" என்கிறார்கள்.

கூட்டமைப்புக்குத் தலைவராகப் போகிறவர் பம்புசெட் பவுண்டரி வைத்திருந்தவர். இனிமேல் அவரைப் பவுண்டரிக்காரர் என்றே சொல்கிறேன். குரல் உயர்த்தத் தெரியாத மனுஷர். அவர் என்ன செய்தார் தெரியுமா? ஆளைக் கூப்பிட்டு அந்தச் சோபாவையே மேடையிலிருந்து தூக்கிக் கொண்டுபோய்ச் சமையல்கட்டில் போடச் சொன்னார். எல்லாரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு என் காதில் சொன்னார்: "உக்கார வெக்கறதுக்கே மத்தியானமாயிப்போச்சுங்க செகரட்டரி, இனி எப்பங்க பேசறது?"

எல்லாவற்றையும் சேர்த்தே

பேசவேண்டிய விஷயம் சீக்கிரமே வந்தது. ஓர் ஊருக்குள் சாயப்பட்டறை வரவேண்டுமென்றால் அந்த ஊர் நகராட்சி மன்றம் சம்மதிக்க வேண்டும் என்று அதுவரை இருந்தது. அதை எடுத்துவிட்டு, எங்கோ உட்காரும் ஒரு குழுவே அனுமதி கொடுக்கலாம் என்று மாற்ற ஒரு மசோதா தயாராகிறது என்று தெரிந்தது. ஊர்க்காரன் வேண்டாம் என்று சொல்லும் உரிமை போகிறது. கூட்டமைப்பு எதற்கு இருக்கிறது? இதற்குத்தானே!

ஒரே ஒரு வரியில் தீர்மானம் எழுதினேன்: மன்றத்தின் சம்மதம் இல்லாமல் அனுமதி கொடுக்கக் கூடாது. இதை அப்படியே உங்கள் மன்றத்தில் நிறைவேற்றி சென்னைக்கு அனுப்புங்கள் என்று எல்லா ஊருக்கும் தபால் போட்டேன். அனுப்பினார்கள். நகலைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டேன். ஓர் ஊர் என் வரிக்குக் கீழே பெண்கள் கல்லூரி கேட்டிருந்தது. ஓர் ஊர் ரயில்வே மேம்பாலம். கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து வந்த ஒன்றில் வாய்க்கால் தூர்வாருவது, பஸ் ஸ்டாண்டு, கால்நடை ஆஸ்பத்திரி எல்லாம் முடிந்து, கடைசியில் போனால் போகிறதென்று மசோதா. அந்தச் சேர்மனுக்குப் போன் போட்டு, என்னங்க இப்படிச் செய்துவிட்டீர்கள் என்று கத்தினேன். அவர் நிதானமாகக் கேட்டார்: "எப்படியும் கவர்மெண்டுக்குத்தானுங்களே போகுது, சேர்த்தே கேட்டுப்போட்டா என்னுங்க கெட்டுப்போச்சு?"

கேன்

இந்த மசோதாவினால் வயிறு எரிந்தவர் ஒருவர் உண்டென்றால் அது சரஸ்வதியம்மா. நொய்யல் ஓரத்தில் ஒரு சின்ன நகராட்சிக்குச் சேர்மன். ஊர்ப் பெயர் வேண்டாம். புருஷனும் பெண்டாட்டியுமாக மாவு மில் நடத்திக்கொண்டிருந்தவர்கள். பெண்களுக்கு ஒதுக்கிய இடம் என்றதும் நின்று ஜெயித்துவிட்டார். அவர் ஊருக்குக் குடிதண்ணீர் ஆற்றோரத்தில் இருக்கும் இரண்டு கிணறுகளிலிருந்துதான். அந்தக் கிணறுகளுக்கு மேட்டுப் பக்கம் ஒரு பெரிய சாயப்பட்டறைக்காரர் பூமி வாங்கிப் போட்டுவிட்டு, மன்றத்தின் சம்மதத்துக்குக் காத்திருந்தார். மன்றம் முடியாது என்று சொல்லிவிட்டது. மசோதா வந்தால் மன்றத்தைக் கேட்கவே வேண்டாம்.

அடுத்த கூட்டத்துக்கு அந்தம்மா ஒரு பிளாஸ்டிக் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஏற்கனவே பட்டறை வந்துவிட்ட, ஆற்றில் மேல்பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு தோட்டத்துக் கிணற்றில் மொண்ட தண்ணீர். பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. மேஜை மேல் வைத்துவிட்டு, "நாளைக்கு எங்கூருக் கொழாயில இதுதானுங்க வரும்" என்றார். உட்கார்ந்திருந்தவர்களில் சிலருக்கு மச்சான் வழியில் பட்டறை இருந்தது, சிலருக்குச் சம்பந்தி வழியில். அவர்களில் ஒருவர் ரொம்ப மரியாதையாக வாயைத் திறந்தார்: "அம்மணி, அதையக் கொஞ்சம் அக்கட்டால வெச்சுப்போடுங்க, எலை போடற நேரமுங்க."

ஊட்டுக்காரர்

சென்னைக்குத் தூது போவதென்று முடிவானது. மசோதாவைக் கொண்டுவரும் மந்திரியும் எங்கள் பக்கத்துக்காரர்தான். அதனால் காரியம் சுலபம் என்று எல்லாருக்கும் தெம்பு. யார் யார் போவது என்று பேச்சு வந்தபோது, சரஸ்வதியம்மா பெயரை நான் சொன்னேன். பாதிக்கப்படப் போகிற ஊர் அவருடையது. அவர் போகாமல் வேறு யார் போவது? ஒரு சேர்மன் நெளிந்தார். ராத்திரி ரயில், ஆம்பளைக் கூட்டம், அம்மணி எதற்கு அலைய வேண்டும், அவங்க ஊட்டுக்காரரை அனுப்பினால் போதாதா என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். எனக்கு வாயில் வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது.

புருஷன் வெளியே நிறுத்திய டிவிஎஸ் பிப்டி மேல் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தங்கமான மனுஷர். அவருக்கு மில்லைப் பார்த்துக்கொள்ளவே நேரம் போதவில்லை. சரஸ்வதியம்மா எழுந்தார். கோபமே இல்லாமல் சொன்னார்: "அவரு மாவு அரைப்பாருங்க, ஓட்டு வாங்குனது நானுங்க."

மழை மாரி எப்படிங்க

இனிமேல் சொல்வதைப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டுக்குப் போனால் வந்ததும் வராததுமாக விஷயத்தை எடுக்கக் கூடாது. பெண் கேட்கப் போனாலும் சரி, எருமை கேட்கப் போனாலும் சரி, முதலில் மழை, அப்புறம் தென்னை, அப்புறம் வீட்டில் பெரியவர்கள் உடம்பு. காபி வரும். குடித்த பிறகு வீட்டுக்காரர், "அப்புறமுங்க, என்ன சமாச்சாரம்?" என்று கேட்பார். கேட்ட பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். கேட்பதற்கு முன் திறப்பவன் நாகரிகம் தெரியாதவன்.

மந்திரி அறையில் எங்களுக்கு வரவேற்பு தடபுடல். வாங்க வாங்க என்று எழுந்தே வந்துவிட்டார். பவுண்டரிக்காரர் ஆரம்பித்தார். ஊர்ப்பக்கம் மழை மாரி எப்படி என்று மந்திரி கேட்டார். பொய்த்துப்போச்சுங்க என்றார் இவர். ஆனைமலைப் பக்கம் மந்திரிக்கு இருந்த தென்னந்தோப்பை விசாரித்தார். மந்திரியின் அம்மாவுக்கு முட்டி வலி என்று கேள்விப்பட்டோமே, இப்போது எப்படி என்றார். மந்திரி ஆறஅமரச் சொன்னார். எந்த டாக்டர், எந்தத் தைலம், படி ஏற முடிகிறதா, எல்லாம். எங்கள் ஆட்களில் ஒருவர் ஒரு வைத்தியர் பெயர் சொன்னார். காபி வந்தது. குடித்தோம். எல்லாரும் அந்த ஒரு கேள்விக்காகக் காத்திருந்தோம்.

மந்திரி கேட்கவே இல்லை. அவருக்கு அந்த வழக்கம் எங்களைவிட நன்றாகத் தெரியும். கேட்டால் சொல்லிவிடுவார்கள் என்பதும் தெரியும். நான் மனுவை எடுத்து நீட்டப் போனேன். பவுண்டரிக்காரர் என் கையை மெதுவாக அழுத்திக் கீழே இறக்கினார். கடைசி நாற்காலியில் இருந்த சரஸ்வதியம்மா, "ஏனுங்க, அந்த மசோதா…" என்று ஆரம்பித்தார். "சித்த இருங்க அம்மணி, அவரே கேப்பாருங்க" என்று அடக்கிவிட்டார்கள். உதவியாளர் கதவைத் திறந்து, அடுத்த பார்ட்டி காத்திருக்கிறது என்றார். மந்திரி எழுந்து வாசல் வரை வந்து எல்லாரையும் கும்பிட்டார்: "இத்தனை தூரம் எனக்காக வந்தீங்களே, ரொம்ப சந்தோசமுங்க, ஒருநா ஊட்டுக்கு வாரேன்."

சபையில்

வெளியே வந்ததும் மனுவைத் தபாலிலாவது சேர்த்துவிடுவோம் என்றேன். நேரில் பார்த்துவிட்டு வந்து தபால் போட்டால் அவர் மனசு சங்கடப்படும், அடுத்த மாசம் ஊருக்கு வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்றார்கள். ரயிலேறிப் போய்விட்டார்கள். நானும் சரஸ்வதியம்மாவும் அவர் புருஷனின் தங்கை வீட்டில் தங்கிக்கொண்டோம். அந்த வாரமே மசோதா சட்டசபைக்கு வருகிறது என்று அந்தம்மா எப்படியோ விசாரித்து வைத்திருந்தார்.

பார்வையாளர் மாடத்திலிருந்து பார்த்தோம். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர், உள்ளாட்சிகளைக் கேட்டீர்களா என்றார். மந்திரி எழுந்தார். அவர்கள் அனுப்பிய தீர்மானங்களில் கல்லூரியும் பாலமும் கால்நடை ஆஸ்பத்திரியும் கேட்டிருக்கிறார்கள், பரிசீலிக்கப்படும் என்றார். கூட்டமைப்பே நேரில் வந்து தன்னைப் பார்த்தது, மசோதா வேண்டாமென்று ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றார். அவர் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை! குரல் ஓட்டில் நிறைவேறியது. பக்கத்தில் சரஸ்வதியம்மா முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெளியே ஓடிவந்து எஸ்டிடி பூத்திலிருந்து பவுண்டரிக்காரருக்குப் போன் போட்டு, எல்லாம் போச்சுங்க என்று கத்தினேன். அவர் சொன்னார்: "இருந்தாலுமுங்க, அன்னைக்கு வாசல் வரைக்கும் வந்து அனுப்பி வெச்சாருங்களே."

குடங்கள்

பட்டறைக்கு அனுமதி கிடைத்தது. மன்றத்துக்குத் தகவல்கூட இல்லை. அடுத்த கோடைக்குள் அந்த ஊர்க் குழாயில் நுரையோடு தண்ணீர் வந்தது. கூட்டமைப்பின் ஆண்டு விழாவுக்கு அந்த மந்திரியையே சிறப்பு விருந்தினராகக் கூப்பிடுவது என்று முடிவு செய்திருந்தார்கள். ஆமாம், அவரையேதான். அந்த அழைப்பிதழைக் கொடுக்கத்தான் நான் சரஸ்வதியம்மா ஊருக்குப் போனேன். வேலையை விட்டுவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே தீர்மானித்துக்கொண்டேன். அதைச் சொல்லி என்ன பிரயோசனம்?

மாவு மில் வாசலில் பெண்கள் காலிக் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு நின்றிருந்தார்கள். ஒரு பெண்ணின் இடுப்பில் இருந்த குழந்தைக்குக் கை கால் எல்லாம் சிரங்கு. நான் போன நேரம் அந்தப் பெண்தான் பேசிக்கொண்டிருந்தாள். உங்களை நம்பித்தானே ஓட்டுப் போட்டோம், மெட்ராஸ் வரைக்கும் போனீர்களே, அங்கே போய் என்னதான் பேசினீர்கள் என்று கேட்டாள். சரஸ்வதியம்மா நினைத்திருந்தால் எங்கள் மேல் பழியைப் போட்டிருக்கலாம். என்னைப் பார்த்தார். கையிலிருந்த அழைப்பிதழைப் பார்த்தார். அப்புறம் அந்தப் பெண்ணிடம் நேராகச் சொன்னார்: "மந்திரியோட அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்குதுன்னு கேட்டுப்போட்டு வந்தோம் கண்ணு."

யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அந்தப் பெண் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, குனிந்து குடத்தை எடுத்தாள். போகிற போக்கில் கேட்டாள்: "இப்ப அவங்களுக்குத் தேவலைங்களா?"

சட்டத்தைத் தடுக்க ஊர் திரட்டிக்கொண்டு போகும் பங்காளிகளே, தயவுசெய்து விஷயத்தை முதலில் சொல்லிவிட்டு அப்புறமாகக் காபியைக் குடியுங்கள்.