நீல மூடி டப்பாவும் என் குமட்டலும்

ஆண்டவருக்குள் பிரியமானவர்களே, என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சபையில் எழுந்து பேசத் தைரியம் இல்லை. அதனால் எழுதித் தருகிறேன்.

நான் எண்ணூரில் கன்டெய்னர் யார்டில் வேலை செய்கிறேன். என் மகள் எஸ்தர் கல்லூரியில் இரண்டாம் வருடம் முடித்தவள். இந்தக் கோடை விடுமுறையில் இரண்டு மாதம் ஆராய்ச்சி செய்ய ஒரு கடல் ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. முகத்துவாரத்துச் சேற்றில் என்ன புழு உயிரோடு இருக்கிறது என்று பார்க்கும் வேலை. எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை. எண்ணெய், சாம்பல், சாக்கடை எல்லாம் சேர்ந்த சேறு அது. கால் வைத்தால் இரண்டு நாள் அரிக்கும்.

அள்ளிய சேற்றை டப்பாக்களில் போட்டு எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் வைப்பாள். திங்கட்கிழமை நிலையத்து வண்டி வந்து எடுத்துப் போகும்.

மே மாதம் இரண்டாம் சனிக்கிழமை. தண்ணீர் குடிக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். அழுகின முட்டையும் மண்ணெண்ணெயும் கலந்த நாற்றம். தயிர்ச் சட்டியின் மேல் கறுப்பாக ஒழுகியிருந்தது. அங்கேயே வாந்தி எடுத்தேன். ஆத்திரத்தில் ஆறு டப்பாவையும் வாசல் சாக்கடையில் கவிழ்த்தேன்.

எஸ்தர் வந்து பார்த்தாள். கத்தவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தச் சொன்னா என்னை வூட்டுக்கு அனுப்பிடுவாங்க நைனா."

சேறுதானே, ஆறு டப்பா நான் அள்ளி ரொப்பித் தருகிறேன் என்றேன்.

"பொய்ச் சேத்தை வச்சி நான் இன்னா எழுதறது?" என்றாள்.

எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது. ஆற்றில் கழிவு கொட்டுகிறவர்களை வாய் வலிக்கத் திட்டுகிறவன் நான். நானும் கொட்டிவிட்டேன். ஃபிரிட்ஜைத் துடைத்த துணியோடு முழங்கால் போட்டேன். தப்பு என்னுடையது, பிள்ளையின் இடம் போகக் கூடாது, எனக்குப் பேச வாய் கொடும் என்று கேட்டேன்.

திங்கட்கிழமை நிலையத்து வண்டியில், அவள் ஆராய்ச்சியை மேற்பார்க்கும் மேடமே வந்தார். என் வாய் திறந்தது.

"நான்தான் கொட்டினேன் மேடம். பாப்பா மேல தப்பு இல்ல."

அதோடு நிற்கவில்லை. நீல மூடி டப்பாவில் மட்டும் சிவப்பு நூல் மாதிரி புழுக்கள் நெளிந்ததையும், மற்ற ஐந்தில் ஒன்றும் அசையாததையும் சொன்னேன். கொட்டும்போது அருவருப்பில் கண்ணை எடுக்க முடியாமல் பார்த்திருந்தேன்.

மேடம் காலி டப்பாக்களை எடுத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நீங்க பார்த்ததை நோட்டுல எழுத முடியாது. ஆனா அதே இடத்துல எஸ்தர் மறுபடி அள்ளட்டும். ஒரு வாரம் தரேன். ஐஸ் பெட்டி அனுப்பறேன், டப்பா இனிமே வீட்டுக்குள்ள வர வேணாம்."

அந்த வாரம் நீர் வற்றும் நேரமெல்லாம் நானும் கூடப் போனேன். பக்கத்து வீட்டு அந்தோணி, "இன்னா மாமு, சேத்துல குழம்பு வைக்கப் போறியா?" என்று சிரித்தான். குமட்டலை எடுத்துவிடும் என்று ஜெபித்தேன். அவர் எடுக்கவில்லை. இரண்டு முறை வாந்தி எடுத்தேன். ஆனால் பெட்டியைக் கீழே வைக்காமல் நிற்கப் பெலன் கொடுத்தார்.

நீல மூடி டப்பாவுக்கு முன்பு அள்ளின இடத்துச் சேற்றை எஸ்தர் உறை போட்ட கையில் பிரித்தாள். சிவப்பாக நெளிந்தது.

"இந்தக் கலீஜுலயும் உயிரோட கீது பாரு நைனா."

எனக்கு அப்போதும் குமட்டியது. ஆனாலும் ஸ்தோத்திரம் சொன்னேன்.

இரண்டு மாதமும் நல்லபடி முடித்தாள். நான் இப்போது பொரித்த எண்ணெயைக்கூடச் சாக்கடையில் ஊற்றுவதில்லை. பிரியமானவர்களே, உங்கள் தப்பைக் கழுவி மறைத்துக்கொண்டு அவரிடம் போக வேண்டாம். நாற்றத்தோடே போங்கள். அவர் மூக்கைப் பொத்திக்கொள்ள மாட்டார்.

எழுதியது: ஜூலை மாதம், மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை.